எட்டு மணி நேரமும் ஒரு வெற்று மாத்திரையும்: எம்.டி.எம்.ஏ. மருந்தாகாமல் நிற்கும் கதை

நம் ஊர்ச் செய்திகளில் எம்.டி.எம்.ஏ. என்ற போதைப்பொருளின் பெயர் வந்தால் அதையொட்டி 'பறிமுதல்' என்ற சொல்லும் வந்துவிடும். சோதனைச் சாவடி, பிளாஸ்டிக் பொட்டலம், கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு போலீஸ் நடுவில் நிற்கும் இரண்டு இளைஞர்கள். இந்தியச் சட்டத்தில் அரை கிராம் வரை 'சிறு அளவு'. 10 கிராமைத் தாண்டினால் 'வணிக அளவு', குறைந்தது 10 ஆண்டு சிறை.

இதே பொருளுக்குத்தான் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017 ஆகஸ்டில் 'திருப்புமுனைச் சிகிச்சை' என்ற தகுதியைக் கொடுத்தது. அந்தத் தகுதி கிடைத்தால் பரிசீலனை விரைவாக நடக்கும். மனக்காயத்தில் பல வருடங்களாகத் தவிப்பவர்களுக்கு ஒரு கதவு திறக்கப்போகிறது என்று உலகமே எழுதியது. சரியாக ஏழு வருடம் கழித்து, 2024 ஆகஸ்ட் 9 அன்று, இருக்கும் ஆதாரத்தை வைத்து இதை மருந்தாக ஏற்க முடியாது, இன்னொரு பெரிய ஆய்வு செய்துவிட்டு வாருங்கள் என்று அதே எஃப்.டி.ஏ. கடிதம் அனுப்பியது.

மருந்து பலிக்கவில்லை என்று இதற்குப் பொருள் கொள்பவர்கள் இருக்கிறார்கள். மருந்துக் கம்பெனிகளின் சதி என்பவர்களும் இருக்கிறார்கள். ஆய்வுக் கட்டுரைகளையும் எஃப்.டி.ஏ. ஆவணங்களையும் உட்கார்ந்து வாசித்தால் இரண்டுமே சரியாகப் படவில்லை. மருந்து பலித்ததா இல்லையா என்பதையே சொல்ல முடியாதபடி ஓர் ஆய்வு அமைந்துபோனது. அப்படி அமைந்ததற்கான வேர் நாற்பது வருடம் பின்னால் இருக்கிறது.

அலமாரியில் கிடந்த சரக்கு

எம்.டி.எம்.ஏ. பசியடக்கும் மருந்தாகக் கண்டுபிடிக்கப்பட்டது என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். தவறு. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் இருந்த மெர்க் கம்பெனி, ரத்தக்கசிவை நிறுத்தும் ஒரு மருந்தை, போட்டிக் கம்பெனியான பேயரின் காப்புரிமையில் சிக்காமல் வேறு வழியில் தயாரிக்கப் பார்த்தது. அந்த வழியில் இடையில் உண்டாகும் ஒரு பொருள்தான் இது. ஆன்டன் கோலிஷ் என்ற வேதியியலாளர் செய்தது. 1912 டிசம்பர் 24 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். சமையலில் தாளித்துவிட்டு எடுத்துப் போடும் கறிவேப்பிலை மாதிரி, அதை அப்போது யாரும் தின்று பார்க்கவில்லை. 1950களில் அமெரிக்க ராணுவம் விலங்குகளுக்குக் கொடுத்து நச்சுத்தன்மையைச் சோதித்தது. அத்துடன் விட்டது.

அதை மறுபடி கையில் எடுத்தவர் அலெக்சாண்டர் ஷல்ஜின். டவ் கெமிக்கல் கம்பெனியிலிருந்து விலகி, கலிஃபோர்னியாவில் தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில் ஆய்வகம் வைத்திருந்தவர். 1970களின் நடுவில் இதைத் தயாரித்துத் தானே சாப்பிட்டுப் பார்த்தார். 1978இல் டேவிட் நிக்கோல்ஸுடன் சேர்ந்து, மனிதர்களிடம் இது என்ன செய்கிறது என்று முதல் கட்டுரையை வெளியிட்டார். அவரிடமிருந்து லியோ ஸெஃப் என்ற உளவியல் சிகிச்சையாளருக்குப் போனது. ஓய்வு பெறும் வயதில் இருந்த அந்த மனிதர் மறுபடி வேலையில் இறங்கி, தனக்குத் தெரிந்த மற்ற சிகிச்சையாளர்களுக்கும் கற்றுக்கொடுத்தார். அந்த வட்டத்தில் இதற்கு 'ஆடம்' என்று பெயர்.

வெளியே தெரியாமல் சிகிச்சை அறைக்குள்ளேயே இருந்திருந்தால் கதை வேறு. 1980களின் தொடக்கத்தில் டெக்சாஸில் சிலர் இதை 'எக்ஸ்டசி' என்று பெயர் மாற்றி விற்க ஆரம்பித்தார்கள். அப்போது அது சட்டவிரோதம் இல்லை. டாலஸ் நகர மதுக்கூடங்களில் வெளிப்படையாகவே விற்றது. 1985 ஜூலை 1 முதல் அமெரிக்க அரசு அவசரத் தடை போட்டது. சிகிச்சையாளர்கள் சிலர் எதிர்த்து வழக்காடினார்கள். விசாரித்த நிர்வாக நீதிபதி ஃபிரான்சிஸ் யங், மருத்துவர்கள் பயன்படுத்தவும் ஆய்வு செய்யவும் இடம் தரும் மூன்றாம் பட்டியலில் இதை வைக்கலாம் என்று 1986இல் பரிந்துரைத்தார். போதைத் தடுப்பு அமைப்பு அதை ஏற்கவில்லை. ஹெராயினோடு சேர்த்து முதல் பட்டியலில் வைத்தது. முதல் பட்டியல் என்றால், மருத்துவப் பயன் ஏதும் இல்லை என்று அரசே சொல்லிவிட்டதாக அர்த்தம்.

ஐ.நா. அளவிலும் 1986இல் இதேதான் நடந்தது. ஆனால் ஒரு வேடிக்கை. இதைப் பரிசீலித்த உலக சுகாதார அமைப்பின் நிபுணர் குழு, கடுமையான பட்டியலில் வையுங்கள் என்று சொன்ன அதே அறிக்கையில், இதன் மருத்துவப் பயனை ஆராய நாடுகள் வழிசெய்ய வேண்டும் என்றும் எழுதியது. குழுவின் தலைவரே முடிவுக்கு உடன்படவில்லை. வாசலைப் பூட்டிச் சாவியைக் கிணற்றில் போட்டுவிட்டு, உள்ளே போய்ப் பாருங்கள் என்றது மாதிரி.

காசு யார் போடுவது

இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடக் கூடாது. பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இங்கேதான் முடிச்சு.

ஒரு மருந்தை ஆய்வு நிலையிலிருந்து மருந்துக்கடை வரை கொண்டுவரப் பல கோடி டாலர் ஆகும். கம்பெனிகள் அந்தப் பணத்தைப் போடுவது காப்புரிமைக் காலத்தில் அதைத் திரும்ப எடுக்கலாம் என்ற கணக்கில். எம்.டி.எம்.ஏ.வின் காப்புரிமை எப்போதோ செத்துப்போனது. அதோடு பெயர் கெட்ட சரக்கு. தினமும் விழுங்கும் மாத்திரையும் இல்லை. மொத்தச் சிகிச்சைக்கே மூன்று முறைதான். எந்தக் கம்பெனி தொடும்?

ரிக் டாப்ளின் என்ற மனிதர் தொட்டார். 1986இல் மேப்ஸ் என்ற லாப நோக்கமற்ற அமைப்பைத் தொடங்கினார். மருந்துக் கட்டுப்பாட்டு முறையை உள்ளிருந்தே கற்றுக்கொள்ள ஹார்வர்டில் பொதுக்கொள்கையில் முனைவர் பட்டமும் வாங்கினார். நன்கொடைதான் மூலதனம். டாக்டர் ப்ரானர்ஸ் என்ற சோப்புக் கம்பெனி கொடுத்தது. பிட்காயினில் சம்பாதித்து, பெயர் சொல்லாமல் 'பைனாப்பிள் ஃபண்ட்' என்ற பெயரில் தானம் செய்த ஒருவர் கொடுத்தார். வலதுசாரிப் பணக்காரர்களும் கொடுத்தார்கள், போரிலிருந்து திரும்பிய ராணுவத்தினருக்காக.

ஆக, இந்த மருந்தை நம்பாதவர்களுக்கு இதை ஆராய்ந்து பார்க்க எந்த அவசியமும் இல்லை. ஆராய முன்வந்தவர்கள் எல்லோரும் ஏற்கெனவே நம்பியவர்கள். பணம் போட்டவர், ஆய்வை வடிவமைத்தவர், அறையில் உட்கார்ந்தவர் வரை அதே நம்பிக்கை. இதற்கு டாப்ளினை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? நடுநிலையான ஆட்களை உள்ளே வரவிடாமல் செய்தது 1985இன் தடை.

எதிர்த் தரப்பும் இதே குழியில்

நம்பிக்கை கண்ணை மறைப்பது ஒரு தரப்பின் தனிச்சொத்து என்று நினைக்க வேண்டாம். 2002 செப்டம்பரில் 'சயின்ஸ்' இதழில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ரிகார்ட்டே குழு ஒரு கட்டுரை வெளியிட்டது. ஓர் இரவில் கேளிக்கைக்காகச் சாப்பிடும் அளவை ஒத்த டோஸ்களைக் குரங்கினங்களுக்குக் கொடுத்ததில், மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்புகள் கடுமையாகச் சேதமடைந்தன. பத்து விலங்குகளில் இரண்டு செத்தன. ஒரே இரவில் பார்க்கின்சன் நோய்க்கு விதை போடுகிறார்கள் என்று பத்திரிகைகள் அலறின.

கணக்குத் தெரிந்தவர்களுக்கு அப்போதே உறுத்தியது. ஐந்தில் ஒரு பங்கு இறப்பு என்றால், வார இறுதியில் லட்சக்கணக்கில் இதை விழுங்குகிறவர்கள் எங்கே கொத்துக் கொத்தாகச் செத்தார்கள்? ஒரு வருடம் கழித்து ரிகார்ட்டே குழுவே கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அந்த விலங்குகளுக்குக் கொடுத்தது எம்.டி.எம்.ஏ. அல்ல, மெத்தாம்பெட்டமைன் என்ற வேறொரு போதைப்பொருள். இரண்டு புட்டிகளும் ஒன்றாக வந்தபோது லேபிள் மாறிவிட்டது என்பது அவர்கள் சொன்ன விளக்கம். சோதனையைத் திரும்பச் செய்தபோது பழைய முடிவு வரவில்லை, தேடிப் போனதில் புட்டியில் மாட்டிக்கொண்டார்கள்.

தப்பைத் தாங்களே ஒப்புக்கொண்டதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனாலும் அந்த முடிவு எதிர்பார்த்த முடிவாக இல்லாமல் இருந்திருந்தால் புட்டியை முதலிலேயே சோதித்திருப்பார்களோ என்ற சந்தேகம் எனக்கு இன்றும் உண்டு.

நிஜமான ஆபத்துகளும் இருக்கின்றன, அதையும் சொல்லிவிட வேண்டும். உடம்புச் சூடு தாறுமாறாக ஏறுகிறது. ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் கூடுகின்றன. தாகத்தில் வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடித்து, ரத்தத்தில் சோடியம் சரிந்து, மூளை வீங்கி இறந்தவர்கள் உண்டு. 1995இல் இங்கிலாந்தை உலுக்கிய 18 வயதுப் பெண்ணின் மரணம் அப்படிப்பட்டது. தெருவில் எம்.டி.எம்.ஏ. என்று விற்கும் மாத்திரைக்குள் அதுதான் இருக்கிறது என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது. சிகிச்சை ஆய்வில் கொடுத்தது சுத்தமான சரக்கு, அளந்த அளவு, இதய நோய் உள்ளவர்களை முன்கூட்டியே விலக்கிவிட்டு. இரண்டையும் ஒன்றாகப் பேசக் கூடாது.

அறைக்குள் என்ன நடந்தது

பிடிஎஸ்டி என்று சுருக்கமாகச் சொல்லும் நோய், பேரதிர்ச்சி ஒன்று முடிந்த பிறகும் உடம்புக்கு அது முடியாமல் இருப்பது. போர், பாலியல் வன்முறை, விபத்து, சிறுவயதுச் சித்திரவதை. கெட்ட கனவு, திடீரென்று அந்தக் காட்சிக்குள்ளேயே போய் விழுவது, சின்னச் சத்தத்துக்குத் தூக்கிவாரிப்போடுவது, மனிதர்களிடமிருந்து ஒதுங்குவது. இதற்கென்று எஃப்.டி.ஏ. ஏற்ற மருந்துகள் செர்ட்ரலின், பராக்செட்டின் என்று இரண்டே இரண்டு. இந்த நூற்றாண்டின் தொடக்கத்துக்குப் பிறகு புதிதாக ஒன்றும் வரவில்லை. பேச்சுவழிச் சிகிச்சைகள் இவற்றைவிட நன்றாக வேலை செய்யும். ஆனால் அவற்றில் அந்தச் சம்பவத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். அது தாங்காமல் பாதியில் போய்விடுகிறவர்கள் நிறையப் பேர்.

எம்.டி.எம்.ஏ. மூளையின் நரம்புகளிலிருந்து செரட்டோனின் என்ற வேதிப்பொருளை வெள்ளமாக வெளியே தள்ளுகிறது. நார்அட்ரினலினும் கொஞ்சம் டோபமைனும் கூடச் சேரும். ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் கூடுகிறது. பயத்தைக் கிளப்பும் அமிக்டலா என்ற பகுதியின் துடிப்பு தணிகிறது. பிரக்ஞை கலங்குவதில்லை, ஆனால் பயம் விலகி நிற்கிறது. எதிரில் இருப்பவர்மேல் நம்பிக்கை வருகிறது. 2018இல் தனிமை விரும்பிகளான ஆக்டோபஸ்களுக்கே இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். மற்ற ஆக்டோபஸ் இருந்த கூண்டை விட்டு விலகாமல், கைகளைப் பரப்பி அதைத் தழுவிக்கொண்டு கிடந்தன. அந்தக் காணொளியைப் பார்த்தால் சிரிப்பும் வரும், ஏதோ ஒன்று நெஞ்சைத் தொடவும் செய்யும்.

இந்தச் சில மணி நேர இடைவெளியில் பழைய காயத்தை எடுத்துப் பார்த்துவிடலாம் என்பதே சிகிச்சையின் யோசனை. முதலில் மூன்று ஆயத்த அமர்வுகள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். பிறகு மாதத்துக்கு ஒன்று என்ற கணக்கில் மூன்று மருந்து அமர்வுகள், ஒவ்வொன்றும் எட்டு மணி நேரம். சாய்ந்து படுக்க ஒரு கட்டில், கண்ணை மறைக்கத் துணி, மெல்லிய இசை, பக்கத்தில் இரண்டு சிகிச்சையாளர்கள். முதல் முறை 80 மில்லிகிராம், கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு 40. அடுத்த முறைகளில் 120, பிறகு 60. ஒவ்வொரு மருந்து அமர்வுக்குப் பின்னும் வெளிவந்ததைப் பேசித் தெளிய மூன்று அமர்வுகள். கூட்டிப் பார்த்தால் ஒரு நோயாளிக்கு 42 மணி நேரம், இரண்டு பேர் என்பதால் 84 சிகிச்சையாளர் மணி நேரம்.

ஒப்பீட்டுக் குழுவுக்கும் இதே 42 மணி நேரம், இதே கட்டில், இதே இசை. மாத்திரை மட்டும் வெற்று, உள்ளே மருந்து இல்லாதது.

எண்கள்

தொடக்கக் காலச் சிறு ஆய்வுகளிலேயே ஆச்சரியம் இருந்தது. சவுத் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் மைக்கேல் மித்தோஃபர் 2004இல் தொடங்கிய ஆய்வில் 20 பேர். மருந்து பெற்ற 12 பேரில் 10 பேருக்கு நல்ல முன்னேற்றம். வெற்று மாத்திரை பெற்ற 8 பேரில் 2 பேருக்கு. மற்ற சிகிச்சைகள் கைகொடுக்காதவர்கள் இவர்கள்.

அனுமதி கேட்கும் முன் செய்யும் பெரிய ஆய்வுகளை மூன்றாம் கட்டம் என்பார்கள். அவை இரண்டு. முதலாவது 2021 மே மாதம் 'நேச்சர் மெடிசின்' இதழில் வந்தது. அமெரிக்கா, கனடா, இஸ்ரேலில் 90 பேர். சராசரியாக 14 வருடமாக நோயோடு இருப்பவர்கள். நோயின் தீவிரத்தை அளக்கும் கேப்ஸ் என்ற அளவுகோலில் உச்சம் 80. மருந்துக் குழுவில் 24.4 புள்ளி இறங்கியது, வெற்றுக் குழுவில் 13.9. முடிவில் மருந்து பெற்றவர்களில் 67 சதவீதம் பேருக்கு பிடிஎஸ்டி என்று சொல்லவே முடியவில்லை. மற்றக் குழுவில் 32 சதவீதம். இரண்டாவது ஆய்வு 2023 செப்டம்பரில், 104 பேரோடு. 23.7 புள்ளிக்கு எதிராக 14.8. நோயிலிருந்து வெளியே வந்தவர்கள் 71 சதவீதமும் 48 சதவீதமும். இரண்டு ஆய்வுகள் ஒரே திசையில் பேசுவது மனநல மருத்துவத்தில் அடிக்கடி பார்க்கக் கிடைக்காத காட்சி.

பிறகு ஏன் சறுக்கியது?

கண்கட்டு அவிழ்ந்த இடம்

ஓர் ஆய்வில் யாருக்கு எது கிடைத்தது என்று நோயாளிக்கும் தெரியக் கூடாது, பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியக் கூடாது. அதற்காகத்தான் வெற்று மாத்திரை. குணமாகிறோம் என்ற எதிர்பார்ப்பே பாதி குணத்தைக் கொடுத்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. பாட்டி திருநீறு பூசி மந்திரித்தால் குழந்தையின் அழுகை நிற்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

120 மில்லிகிராம் எம்.டி.எம்.ஏ. உள்ளே போனவருக்குத் தாடை இறுகும், வியர்க்கும், உலகமே இளகித் தெரியும். அவருக்கா தெரியாது? இரண்டாவது ஆய்வில் கேட்டுப் பார்த்தார்கள். மருந்து பெற்றவர்களில் 94.2 சதவீதம் பேர் சரியாகச் சொன்னார்கள். வெற்று மாத்திரைக்காரர்களில் 75 சதவீதம் பேரும் சரியாகச் சொன்னார்கள். எட்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சிகிச்சையாளருக்கும் நிச்சயம் தெரிந்திருக்கும்.

இதன் பாதிப்பு இரண்டு பக்கமும். பெற்றவருக்கு உற்சாகம், நிச்சயம் குணமாகும் என்ற பிடிப்பு. பெறாதவருக்கோ ஏமாற்றம். வருடக்கணக்காகக் காத்திருந்து, பழைய மாத்திரைகளை ஆய்வுக்காகவே நிறுத்தி, கடைசியில் மாவு மாத்திரையை விழுங்கியவரின் மனம் என்ன பாடுபடும்? அவருடைய 14.8 புள்ளி இன்னும் நன்றாக இருந்திருக்கக் கூடியதோ? இரண்டு குழுவுக்கும் இடையிலான ஒன்பது பத்துப் புள்ளியில் மருந்தின் பங்கு எவ்வளவு, உற்சாகத்தின் பங்கு எவ்வளவு, ஏமாற்றத்தின் பங்கு எவ்வளவு? இந்தத் தரவை வைத்துப் பிரிக்க வழியில்லை.

வெற்று மாத்திரைக்குப் பதில் குறைந்த அளவு எம்.டி.எம்.ஏ. கொடுக்கலாமே என்று தோன்றும். முந்தைய ஆய்வுகளில் அதையும் முயன்றார்கள். அந்த அளவு பயத்தைத் தணிக்கப் போதாமல், உடம்பைப் படபடக்க மட்டும் வைத்தது, நோயாளிகள் தவித்தார்கள். அப்படி ஒரு குழுவோடு ஒப்பிட்டால் மருந்து தன் தகுதிக்கு மேல் நல்லதாகத் தெரியும். இந்தச் சிக்கல் எஃப்.டி.ஏ.வுக்கும் தெரியும். தெரிந்தே 2017இல் வெற்று மாத்திரை வடிவத்துக்கு எழுத்தில் ஒப்புதல் கொடுத்திருந்தது. தேர்வு முடிந்த பிறகு கேள்வித்தாளே சரியில்லை என்றால், கேள்வித்தாளுக்குக் கையெழுத்துப் போட்டவருக்கும் பொறுப்பு உண்டு என்பது என் கட்சி.

இன்னொன்று. பங்கேற்றவர்களில் கிட்டத்தட்ட 40 சதவீதம் பேர் முன்பே எம்.டி.எம்.ஏ. சாப்பிட்டுப் பழகியவர்கள் என்று எஃப்.டி.ஏ. சுட்டிக்காட்டியது. நாட்டு மக்கள்தொகையில் அப்படிப்பட்டவர்கள் அதைவிட மிகக் குறைவு. ஆர்வம் இருப்பவர்கள்தானே இப்படிப்பட்ட ஆய்வுக்குப் பெயர் கொடுப்பார்கள்.

மகிழ்ச்சி வெறி, கிறக்கம் போன்ற விளைவுகளை முறையாகப் பதிவு செய்யச் சொல்லி எஃப்.டி.ஏ. கேட்டிருந்தும் ஆய்வுக் குழு செய்யவில்லை. ஒரு பொருள் அடிமையாக்குமா என்று கணிக்க அந்தப் பதிவுதான் அடிப்படை. கல்லீரல் பரிசோதனை முடிவுகளும் போதவில்லை. சிகிச்சைதான் நன்றாக நடக்கிறதே, இதையெல்லாம் வேறு எழுத வேண்டுமா என்ற மனநிலை இதற்குப் பின்னால் இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். நம்பிக்கைக்காரர்கள் ஆய்வு நடத்தும்போது முதலில் காணாமல் போவது சலிப்பூட்டும் காகித வேலை.

வான்கூவர்

2015இல் கனடாவின் வான்கூவரில் இரண்டாம் கட்ட ஆய்வு ஒன்று. சிகிச்சையாளர்கள் கணவன் மனைவி. பங்கேற்ற பெண், பாலியல் வன்முறையின் காயத்தோடு வந்தவர். மருந்தின் பிடியில் இருக்கும்போது அந்த இருவரும் அவரை அழுத்திப் பிடிப்பதும், மேலே படுத்து அணைப்பதும், அவர் தவிப்பதும் அமர்வின் காணொளியிலேயே பதிவாகியிருக்கிறது. பின்னர் அந்த ஆண் அவரோடு பாலியல் உறவும் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு அமர்வையும் படம் பிடித்து வைப்பது விதி. அப்படிப் பிடித்த படம் வருடக்கணக்கில் இருந்தும் உரிய நேரத்தில் யாரும் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணே போராடி வெளியே கொண்டுவந்தார்.

இந்த மருந்தின் குணமே எதிரில் இருப்பவரை நம்ப வைப்பது. அப்படியானால் எதிரில் இருப்பவர் யார் என்பதும் மருந்தின் அளவைப் போலவே முக்கியம். மில்லிகிராமை அளந்தவர்கள் மனிதரை அளக்கவில்லை. எஃப்.டி.ஏ.வுக்கும் இங்கே கை எட்டாது. அது மருந்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு, உளவியல் சிகிச்சையை அல்ல. பெட்டியின் மேல் எழுதும் குறிப்பில், பக்கத்தில் நல்ல மனிதர் இருக்க வேண்டும் என்று எழுதி எப்படி அமல்படுத்துவது?

கீட்டமைன் என்ற மயக்க மருந்து இந்த முட்டுக்கட்டையில் சிக்கவில்லை என்பது கவனிக்க வேண்டியது. அதுவும் விருந்துகளில் புழங்கும் சரக்குதான். அதன் ஒரு பாதியான எஸ்கீட்டமைனை ஜான்சன் கம்பெனி மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயாக்கி, பேச்சுச் சிகிச்சை எதையும் சேர்த்துக் கட்டாமல், மன அழுத்தத்துக்கு 2019 மார்ச்சில் அனுமதி வாங்கிவிட்டது.

ஜூன் 4, ஆகஸ்ட் 9

மேப்ஸின் மருந்துக் கிளை 2024 ஜனவரியில் லைகோஸ் தெரப்யூடிக்ஸ் என்று பெயர் மாறியிருந்தது. அனுமதி விண்ணப்பம் அப்போதே எஃப்.டி.ஏ.விடம் இருந்தது. மருந்துகளின் பயனையும் விலையையும் சீர்தூக்கிப் பார்க்கும் ஐசர் என்ற தனி அமைப்பு, கண்கட்டு அவிழ்ந்ததையும், நல்ல முடிவைச் சொல்லும்படி சிலர் அழுத்தம் உணர்ந்ததாகத் தன் காதுக்கு வந்ததையும் குறிப்பிட்டு, ஆதாரம் போதாது என்று அறிக்கை கொடுத்தது.

ஜூன் 4 அன்று எஃப்.டி.ஏ.வின் ஆலோசனைக் குழு இணையவழியில் நாள் முழுக்கக் கூடியது. இந்தச் சிகிச்சைதான் தங்களை உயிரோடு வைத்திருக்கிறது என்று பேசியவர்கள் இருந்தார்கள். ஆய்வு தங்களை உடைத்துவிட்டது என்று பேசியவர்களும் இருந்தார்கள். பலன் நிரூபணமாகிவிட்டதா என்ற கேள்விக்கு இரண்டு பேர் ஆம் என்றார்கள், ஒன்பது பேர் இல்லை என்றார்கள். ஆபத்தைவிட நன்மை அதிகமா? ஒருவர் ஆம், பத்துப் பேர் இல்லை.

ஆகஸ்ட் 9இல் எஃப்.டி.ஏ. கடிதம். அதற்கு மறுநாள் 'சைக்கோஃபார்மகாலஜி' இதழ், வான்கூவர் விவகாரத்தைச் சுட்டி, இந்த ஆய்வுகளிலிருந்து வந்த மூன்று கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. ஆய்வு நெறி மீறப்பட்டது தெரிந்தும் எழுதியவர்கள் இதழுக்குச் சொல்லவில்லை, அந்தத் தரவை நீக்கவும் இல்லை என்பது குற்றச்சாட்டு. அதே மாதத்தில் லைகோஸ் முக்கால்வாசி ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது. டாப்ளின் இயக்குநர் குழுவிலிருந்து விலகினார். முப்பத்தெட்டு வருட உழைப்பு.

ஆஸ்திரேலியா வேறு பாதையில் போகிறது. 2023 ஜூலை 1 முதல் அங்கே அங்கீகாரம் பெற்ற மனநல மருத்துவர்கள் பிடிஎஸ்டிக்கு எம்.டி.எம்.ஏ. எழுதிக்கொடுக்கலாம். மருந்தாகப் பதிவானதால் கிடைத்த உரிமை இல்லை இது, தனி அனுமதியின்பேரில் மட்டும். செலவு ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாது. 84 சிகிச்சையாளர் மணி நேரத்துக்குக் கூலி போட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும்.

அடுத்த ஆய்வை எப்படி வடிவமைப்பது என்று இப்போது பேசிக்கொண்டிருக்கிறார்கள். உடம்பில் ஏதோ ஒன்று செய்கிற வேறொரு மாத்திரையை ஒப்பீட்டுக்கு வைப்பது. தொடங்கும் முன்பே ஒவ்வொருவருடைய எதிர்பார்ப்பையும் அளந்து எழுதிவைப்பது. முன்பு சாப்பிட்டே இராதவர்களை மட்டும் சேர்ப்பது. மேப்ஸோடு ஒட்டும் உறவும் இல்லாத சிகிச்சையாளர்களை அமர்த்துவது. இவற்றில் கடைசியைச் செய்ய யார் பணம் போடுவார்கள் என்ற பழைய கேள்வி அப்படியே நிற்கிறது.

இந்தத் தரவில் நான் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பது வெற்றுக் குழுவை. இரண்டாவது ஆய்வில் அந்தக் குழுவில் கடைசி அளவீடு வரை வந்த 42 பேரில் 20 பேர் நோயிலிருந்து வெளியே வந்துவிட்டார்கள். பல வருட பிடிஎஸ்டி. உள்ளே போனது மாவு. முக்கால்வாசிப் பேருக்கு அது மாவு என்பதும் தெரியும். அவர்களுக்குக் கிடைத்தது இரண்டு மனிதர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட 42 மணி நேரம். இதற்கு எஃப்.டி.ஏ. அனுமதி தேவையில்லை, முதல் பட்டியலும் தடுக்காது. ஆனாலும் ஆய்வுக்கு வெளியே எந்த மருத்துவமனையிலும் எந்தக் காப்பீட்டிலும் அந்த 42 மணி நேரம் யாருக்கும் கிடைப்பதாகத் தெரியவில்லை.